இரண்டு அங்குலக் கடன்

வில்வண்டி என்ற சொல்லில் இருக்கும் வில், அம்பு விடுகிற வில் இல்லை. அச்சுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே வளைந்து கிடக்கும் இரும்புப் பட்டைகளைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. வில் இல்லாத கட்டை வண்டியில் போனவனுக்கு ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரிந்தது. வில் வாங்க முடிந்தவர் கொஞ்சம் சொகுசாக, கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்து போனார். இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்ற வண்டி கட்டுபவர் 1804இல் நீள்வட்ட வடிவ வில்லுக்குக் காப்புரிமை கோரினார். 180 வருடம் கழித்து, 1984 மாடல் ஜீப் செரோக்கியின் பின்னச்சின் மேலும் அதே குடும்பத்துப் பட்டைகள்தான் இருந்தன.

இந்தக் கட்டுரை அந்த செரோக்கியின் உயரத்தைப் பற்றியது. 2001 வரை உலகெங்கும் 28 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. இன்று அமெரிக்காவில் அதைப் பழையதாக வாங்குகிறவர்களில் பலர் முதலில் செய்ய நினைப்பது அதைத் தூக்குவது. மலிவான வழிக்கு 'பட்ஜெட் பூஸ்ட்' என்று பெயர். முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கின் மேல் 2 அங்குல ஸ்பேசர். பின்பக்கம் பட்டைக் கட்டில் கூடுதலாக ஒரு பட்டை, அல்லது பட்டையின் முனையைத் தாங்கும் ஷேக்கிளுக்குப் பதில் நீளமான ஒன்று. சில நூறு டாலரில், ஒரு வார இறுதியில் முடிகிற வேலை. "ரெண்டு இன்ச்சுதானே, என்ன ஆயிடப்போகுது?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

பதில் சொல்ல வேண்டுமென்றால், அந்த வண்டிக்கு அதன் உயரம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975இல் அமெரிக்கா எரிபொருள் சிக்கனச் சட்டம் கொண்டுவந்தது. கார்களுக்கு ஒரு அளவுகோல், 'இலகு டிரக்'குகளுக்குத் தனியாகத் தளர்வான இன்னொன்று. ஜீப் இரண்டாவது வகை. ஆனாலும் பெட்ரோல் விலை எல்லா வகைக்கும் ஒன்றுதான். அப்போது ஜீப்பை வைத்திருந்த ஏஎம்சி சின்ன நிறுவனம், பிரான்சின் ரெனோவின் பணத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, 1980 டிசம்பரில் '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி சிஜே-5 ஜீப் திருப்பத்தில் கவிழ்வதை நாடு முழுக்கக் காட்டியது.

செரோக்கி உருவானது இந்தச் சூழலில். பொறியியல் தலைவர் ராய் லன், ஃபோர்டில் ஜிடி40 ரேஸ் காரில் வேலை செய்துவிட்டு வந்தவர். தனி ஃபிரேமின் மேல் உடலைத் தூக்கி வைக்கும் பழைய முறையை அவர் அணி கைவிட்டது. உடலும் ஃபிரேமும் ஒன்றாக வெல்ட் செய்யப்பட்டன. முந்தைய வேகனீரைவிட நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைந்தன, எடை பல நூறு கிலோ குறைந்தது. முன்பக்கப் பட்டைகள் போய், நான்கு கைகள் அச்சைப் பிடித்துக்கொள்ளும் காயில் ஸ்பிரிங் அமைப்பு வந்தது. ஆக, உயரம் என்பது எரிபொருள், எடை, காட்டுப்பாதை, கவிழும் பயம் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து பேரம் பேசி முடித்த ஒப்பந்தம். கடையில் ஸ்பேசர் வாங்குகிறவன் அந்தப் பேரத்தை மறுபடி திறக்கிறான். மேசையில் இப்போது அவன் ஒருவன் மட்டும்தான்.

திறந்தால் என்ன நடக்கும்? முன்னச்சை இடவலமாக நகராமல் பிடிப்பது டிராக் பார் என்ற ஒரு சாய்வான கம்பி. ஒரு முனை உடலில், டிரைவர் பக்கம், மறுமுனை அச்சில். உடலைத் தூக்கினால் கம்பியின் சாய்வு கூடும். கம்பி நீளாது, அதனால் அச்சு மொத்தமும் டிரைவர் பக்கமாக நகரும். அச்சைப் பிடிக்கும் கைகளும் சாயும், சக்கரத்தை நேராக ஓட வைக்கும் கோணம் குறையும், ஸ்டியரிங் அலைபாயும். பிரேக் ஹோஸ் இழுபடும். பின்னால் டிரைவ் ஷாஃப்ட் கூடுதல் சரிவில் சுற்ற, அதன் மூட்டு அதிரும். ஒவ்வொன்றுக்கும் மருந்து உண்டு: நீளம் மாற்றத்தக்க டிராக் பார், நீளமான ஹோஸ், புதிய ஷாஃப்ட். எல்லாம் வாங்கினால் அது பட்ஜெட் இல்லை. பட்ஜெட் லிஃப்ட் என்பது இதில் எவற்றை வாங்காமல் விடலாம் என்ற தேர்வு. எங்கள் மென்பொருள் தொழிலில் இதற்குத் 'தொழில்நுட்பக் கடன்' என்று பெயர். ஒரு மதிப்பை மாற்றிவிட்டு, அதை நம்பியிருக்கும் பத்து இடங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது.

செரோக்கி உருவான டொலீடோவிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில்தான் நான் வேலை பார்க்கிறேன். நண்பன் ஒருவனின் 1999 மாடலுக்கு இந்த வேலையைச் செய்தபோது கூட இருந்தேன். ஓஹாயோவில் பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்பு கொட்டுவார்கள். பின்பட்டையின் முன்முனை போல்ட், உடலுக்குள் வெல்ட் செய்த நட்டோடு துருப்பிடித்து ஒன்றாகிப்போயிருந்தது. அதைக் கழற்றவே ஒரு நாள். பழைய பட்டைகள் 20 வருடச் சுமையில் வளைவிழந்து கிடந்தன. ஏற்றியதில் பாதி புது உயரம் இல்லை, இழந்ததை மீட்டதுதான். ஷேக்கிளும் நினைத்தபடி இல்லை. அதை 2 அங்குலம் நீட்டினால் வண்டி 1 அங்குலம்தான் ஏறும், ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டுமே இறங்குகிறது.

வேகமெடுத்ததும் பின்னால் அதிர்வு. மலிவான மருந்து, கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை 1 அங்குலம் கீழே இறக்குவது. இறக்கினோம். அதிர்வு போனது. வண்டிக்கு அடியில் ஊர்ந்து வெளியே வந்தவன் சொன்னான்: "மச்சி, வயித்துப்பக்கம் ஒரு இன்ச்ச திருப்பிக் கொடுத்துட்டோம்டா."

இன்னொரு கணக்கும் உண்டு. வண்டியின் மிகத் தாழ்வான இடம் அச்சின் நடுவே இருக்கும் டிஃபரென்ஷியல். உடலைத் தூக்கினாலும் அச்சு ரோட்டிலிருந்து அதே உயரத்தில்தான் இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. 225/75 ஆர்15 டயரின் விட்டம் 28.3 அங்குலம். லிஃப்ட் கொடுத்த இடத்தில் 30 அங்குல டயர் மாட்டினால் அச்சு உயர்வது 0.85 அங்குலம். இவ்வளவு வேலைக்கும் பிறகு பாறைக்கும் டிஃபரென்ஷியலுக்கும் நடுவே கிடைத்த கூடுதல் இடம் ஒரு அங்குலம்கூட இல்லை.

சரி, அதற்குக் கொடுத்த விலை? 1988இல் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' இதழ் சுஸுகி சமுராயை 'ஏற்கத்தக்கதல்ல' என்று மதிப்பிட்டது. நம்மூர் மாருதி ஜிப்ஸியின் நெருங்கிய உறவுக்கார வண்டி அது. சுஸுகி 1996இல் வழக்குப் போட்டது, 2004இல் சமரசம். நடுவில், 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பகுதி ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரரில் ஓடியவை. டயர் பிரிந்து, வண்டி கவிழ்ந்து, 200க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அதன் பிறகுதான், 2001இல், அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை கவிழும் அபாயத்துக்கு நட்சத்திர மதிப்பீடு வெளியிட ஆரம்பித்தது.

அந்தச் சூத்திரம் பள்ளிக்கூட இயற்பியல்தான். இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 1.45க்கு மேல் 5 நட்சத்திரம். 1.04க்குக் கீழே 1 நட்சத்திரம். உதாரணத்துக்கு அகலம் 58 அங்குலம், மையத்தின் உயரம் 27 என்று வைத்துக்கொள்வோம். விடை 1.07, 2 நட்சத்திரம். உடலை 2 அங்குலம் தூக்கினால், அச்சுகள் கீழேயே இருப்பதால், மையம் சுமார் 1.6 ஏறும். இப்போது விடை 1.01. 1 நட்சத்திரம். ரெண்டு இன்ச்சுதான்.

கவிழ்ந்தால் பாதிப்பு ஓட்டுகிறவனுக்கு. ஆனால் கடனின் ஒரு பகுதி அவனுக்குத் தெரியாமலே வேறொருவர் பெயரில் எழுதப்படுகிறது. அமெரிக்காவில் கார்களின் பம்பர் 16 முதல் 20 அங்குல உயரத்துக்குள் மோதலைத் தாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இலகு டிரக் என்று வகைப்படுத்தப்பட்ட எஸ்யூவிகளுக்கு அந்த விதி கிடையாது. தூக்கிய வண்டி மோதினால் அதன் பம்பர் எதிரிலிருக்கும் காரின் பம்பரைச் சந்திக்காமல் மேலே போய் விழலாம். ஸ்பேசர் வாங்கிய ரசீதில் அந்தக் காரில் இருப்பவர் பெயர் இல்லை.

இத்தனைக்கும் நடுவே செரோக்கி ஏன் இன்னும் விரும்பப்படுகிறது? 2009இல் பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது வாங்க அமெரிக்க அரசு 300 கோடி டாலர் ஒதுக்கியது. ஏறக்குறைய 6.8 லட்சம் வண்டிகள் போயின. எண்ணெயை வடித்துவிட்டு சோடியம் சிலிகேட் கரைசல் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டே இறுகச் செய்து கொன்றார்கள். அதிகமாக ஒப்படைக்கப்பட்ட பத்து மாடல்களில் செரோக்கியும் ஒன்று. அதில் தப்பி, உப்பிலும் தப்பி மிஞ்சியவை இப்போது இளைஞர்கள் கையில் இருக்கின்றன. கம்ப்யூட்டரைக் கேட்காமல், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் திறந்து பார்க்கக்கூடிய வண்டி. தானே பழுது பார்க்கும் வண்டிமேல் வருகிற பாசத்தை நட்சத்திரக் கணக்கால் குறைக்க முடியாது, குறைக்கவும் வேண்டாம்.

வரிசையை மட்டும் மாற்றலாம் என்று தோன்றுகிறது. களைத்த பட்டைகளை முதலில் மாற்றி, டொலீடோ கொடுத்த உயரத்தை மீட்டுப் பார்ப்பது. அது போதாத பாதைக்குத்தான் போகிறோம் என்றால் டிராக் பாரும் பிரேக் ஹோஸும் வாங்கிய பிறகு ஸ்பேசர் வாங்குவது. அவ்வளவு காசு இல்லையென்றால், அந்த 2 அங்குலத்துக்கும் இன்னும் காசு சேரவில்லை என்று பொருள்.