தமிழ்ப்பள்ளி வரலாறு கற்பிக்கும் பாடம்

அடுப்புக்குக் கல் மூன்று. அவற்றுள் ஒன்றை அகற்றினால் பானை கவிழும். பொதுக்கல்வியும் அத்தகையதே. பள்ளியை நடத்தப் பொருள் வேண்டும். பிள்ளையின் படிப்பில் பெற்றோர்க்குப் பங்கு வேண்டும். எந்தப் பள்ளியில் பயின்றாலும் மாறாத தரம் வேண்டும். நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளுக்கு இம்மூன்றும் ஒருசேரக் கிட்டவில்லை. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கைகளிலிருந்து, ஒவ்வொன்றாகவே கிட்டின. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, ஆசிரியர்களும் நாளை ஆசிரியராகப் போகும் மாணவர்களும் அதிலிருந்து கொள்ளவேண்டிய பாடத்தைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டம் தந்த கொட்டகை

1816ஆம் ஆண்டு பினாங்கில் தொடங்கப்பெற்ற பினாங்கு ஃபிரீ ஸ்கூல் என்னும் பள்ளியோடு இணைந்து ஒரு தமிழ் வகுப்பு நடைபெற்றது என்பர். நம் நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக அதனையே கொண்டு, 2016ஆம் ஆண்டில் இருநூறாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். எனினும், தமிழ்ப்பள்ளிகள் எண்ணிக்கையில் பெருகியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய பின்னரே ஆகும்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வாழும் தோட்டங்களில் நிருவாகமே பள்ளி அமைத்துத் தரவேண்டும் என விதித்தது. சட்டத்தின் நோக்கம் நல்லதே. ஆனால் பள்ளிக்குப் பொருள் தரும் பொறுப்பு யாரிடம் சென்றது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிள்ளை படித்து முன்னேறினால் தோட்டத்துக்கு ஓர் ஆள் குறையும். அந்தத் தோட்ட நிருவாகத்திடமே அப்பிள்ளையின் பள்ளி ஒப்படைக்கப்பட்டது! விதியை நிறைவேற்ற ஒரு கொட்டகை போதும்; பல இடங்களில் கொட்டகையே எழுந்தது. கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்த தோட்டங்களும் உண்டு. பாடநூல்களோ தமிழகத்திலிருந்து வந்தன. காவிரியையும் வைகையையும் படித்த பிள்ளைக்குத் தன் தோட்டத்தை ஒட்டி ஓடும் ஆறு எங்கே கடலில் கலக்கிறது என்று தெரியாது.

இவ்வாறு, பொருள் ஓரளவு வந்தது, தரம் வரவில்லை. ஒரு தோட்டத்தில் நான்காம் வகுப்பு முடித்தவனும் அடுத்த தோட்டத்தில் நான்காம் வகுப்பு முடித்தவனும் ஒரே அளவு கற்றவர் என்று சொல்ல எவ்வித அளவுகோலும் இல்லை. இருவரும் பெரும்பாலும் சென்று சேர்ந்த இடம் மட்டும் ஒன்றே. அது வெட்டுக்காடு.

அறிக்கை தந்த தரம்

1951ஆம் ஆண்டு வெளிவந்த பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளுக்கு மாற்றாக மலாயும் ஆங்கிலமும் பயிற்றுமொழியாக அமைந்த தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. தமிழரும் சீனரும் அதனை ஏற்கவில்லை. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை வேறொரு வழியைக் காட்டியது. மொழி வேறாயினும் பாடத்திட்டத்தின் உள்ளடக்கம் ஒன்றாதல் வேண்டும் என்பது அதன் உயிர்க்கருத்து. அதன்வழித் தமிழ்த் தொடக்கப்பள்ளி நாட்டின் கல்வி முறைக்குள் இடம்பெற்றது. காவிரியின் பக்கத்தில் பேராற்றுக்கும் பகாங் ஆற்றுக்கும் இடம் கிடைத்தது. 1962ஆம் ஆண்டு தொடக்கக் கல்வி இலவசமாயிற்று. 1975ஆம் ஆண்டு பாடநூல் இரவல் திட்டம் வந்தது. ஏழைப் பிள்ளையின் கையிலும் புத்தகம் இருந்தது.

ஆனால் இங்கும் ஒரு கல் ஆடியது. தோட்ட நிலத்தில் நின்ற பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடித்தன. ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது. நிலமும் கட்டடமும் பிறர் பொறுப்பிலேயே இருந்தன. எனவே, பாடத்திட்டம் ஒன்று, கூரை வேறு என்னும் நிலை உண்டாயிற்று. நகரத்தில் முழு உதவி பெற்ற பள்ளியின் பிள்ளையும், மழை பெய்தால் மேசையை நகர்த்தி வைக்கும் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே தேர்வை எழுதினர். தோட்டம் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் கைமாறியபொழுது பள்ளியின் கதி கேள்விக்குறியாயிற்று. 1957ஆம் ஆண்டில் ஏறத்தாழ 890 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சி நிற்பவை 530க்கும் குறைவே. அவற்றுள் பல, 150 மாணவரைக்கூட எட்டாதவை.

இல்லம் தந்த துணை

மூன்றாவது கல்லாகிய இல்லத்தைப் பற்றிச் சட்டமும் அறிக்கையும் அதிகம் பேசவில்லை. ஆயினும் நம் மக்கள் அதனைத் தாமாகவே தந்தனர். 1950களில் கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்குவதே அதன் நோக்கம். தம் பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதிக்குமா என்று அறியாத எளிய தொழிலாளரும் அதற்குத் தம் வெள்ளியைத் தந்தனர். கல்வி பொதுச்சொத்து என்னும் உணர்வுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

என் அனுபவம் ஒன்றையும் இங்குக் கூற விழைகிறேன். 1970களின் இறுதியில் நான் பயின்ற தோட்டப்பள்ளியில் ஆறு வகுப்புகளும் ஒரே கொட்டகையில் நடைபெற்றன. வகுப்புகளுக்கிடையே கரும்பலகைகளே சுவர்கள். என் தாயார் எழுத்தறியாதவர். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால்மரம் வெட்டித் திரும்பிய களைப்போடும் ஒவ்வொரு மாலையும் என்னை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி அருகில் அமர்ந்து கேட்பார். நான் தடுமாறினால் உடனே கண்டுகொள்வார். "ஏண்டா நிக்கிற? தெரியாட்டி நாளைக்கு வாத்தியாரக் கேளு" என்பார். எழுத்தறியாத தாய் என் படிப்புக்குத் தந்த மேற்பார்வை அது. பெற்றோர் படிக்காதவர், ஆகையால் அவர்களால் உதவ இயலாது என்று சில ஆசிரியர்கள் கூறும்பொழுதெல்லாம் எனக்கு அம்மாலைப் பொழுதே நினைவுக்கு வரும்.

ஆயினும் அதே தவற்றை நானும் செய்தேன். தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற புதிதில், பெற்றோர் கூட்டங்களைக் காலை பத்து மணிக்கு வைத்தேன். ஐந்தாறு பேரே வந்தனர். பெற்றோருக்கு அக்கறையில்லை என்று ஆசிரியர் அறையில் குறைபட்டுக்கொண்டேன். பள்ளிக் காவலர் ஒருநாள், "ஐயா, அந்த நேரத்துல வந்தா அவங்களுக்கு அன்னிக்குச் சம்பளம் போயிடும்" என்றார். நான் தலைகுனிந்தேன். அடுத்த கூட்டத்தை இரவு எட்டு மணிக்குக் கோயில் மண்டபத்தில் வைத்தோம். பாய் போதவில்லை.

நாம் ஏற்கவேண்டிய பொறுப்பு

1983ஆம் ஆண்டில் தொடக்கப்பள்ளிகளுக்கான புதிய கலைத்திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 1988ஆம் ஆண்டு தொடங்கிய ஆறாம் ஆண்டுத் தேர்வாகிய யுபிஎஸ்ஆர், 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. பிஞ்சு நெஞ்சங்களை அச்சுறுத்திய தேர்வு போயிற்று என்று பலரும் மகிழ்ந்தனர். நானும் மகிழ்ந்தேன். ஆனால் அத்தேர்வோடு வெளியிலிருந்து வந்த ஓர் அளவுகோலும் போயிற்று என்பதை மறத்தலாகாது. அளவுகோல் இல்லாத காலத்தில் தோட்டப்பள்ளிகள் என்னவாயின என்பதை மேலே கண்டோம். எனவே, பக்கத்து ஊர்ப் பள்ளியின் ஆசிரியரோடு அமர்ந்து மாணவர் ஏடுகளை மாற்றித் திருத்துவதும், "இவன் தேறிவிட்டான்" என்று எழுதுமுன் உண்மையிலேயே தேறினானா என்று நம் மனச்சான்றைக் கேட்பதும் நம் கடமையாகின்றன. சலுகையாகத் தரும் தேர்ச்சி, இடைநிலைப் பள்ளியின் முதல் வாரத்திலேயே அப்பிள்ளையைத் தலைகுனியச் செய்யும்.

பொருளைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு, தயக்கமின்றிக் கேட்போம். பெற்றோரை அவர்கள் வரக்கூடிய வேளையில் அழைப்போம். தரத்தை மட்டும் யாரிடமும் கேட்டுப் பெற இயலாது. அதனை நாமே நாள்தோறும் வகுப்பறையில் ஆக்கித் தரவேண்டும். மூன்று கல்லும் நிலைத்தால்தான் உலை கொதிக்கும், பிள்ளைகள் பசியாறுவர்.