கைமாறிய காசு

கல்லறையைக் காத்து நின்ற காவலருக்குப் பெருந்தொகை கொடுத்து, கண்டதை மறைத்து வேறொன்றைச் சொல்லுமாறு ஏவிய செய்தியை மத்தேயு தம் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் பதிந்து வைத்துள்ளார். அத்தொகை யாருடைய உழைப்பிலிருந்து சேர்ந்தது என்பதை அவர் கூறவில்லை. ஆயினும், உண்மையை மூடி மறைப்பதற்கும் ஒரு செலவு உண்டு என்பதும், அச்செலவை யாரோ ஒருவர் ஏற்றாக வேண்டும் என்பதும் அங்கே விளங்குகின்றன. சென்ற நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டில் நடந்த ஒரு வரலாற்றைப் படிக்கையில், இந்த எண்ணமே நம் உள்ளத்தில் மேலோங்குகிறது.

1977 ஜூலையில், எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் மூத்த அறிவியலர் ஜேம்ஸ் பிளாக், எண்ணெயும் நிலக்கரியும் எரிவதால் பெருகும் கரியமில வாயு புவியின் வெப்பத்தை உயர்த்தக்கூடும் என்று தம் நிர்வாகக் குழுவின் முன் எடுத்துரைத்தார். 1979இல் அந்நிறுவனம் ‘எஸ்ஸோ அட்லாண்டிக்’ என்ற தன் எண்ணெய்க் கப்பலிலேயே கருவிகளைப் பொருத்தி, கடலிலும் காற்றிலும் அவ்வாயுவை அளக்கத் தொடங்கியது. அதன் அறிவியலர் அந்நாள்களில் செய்த கணிப்புகளில் பெரும்பாலானவை பிற்கால வெப்பநிலையோடு பொருந்தி வந்ததை, 2023இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டிற்று. அறியாமையால் விளைந்த கதையன்று இது.

1988 ஜூனில் ஜேம்ஸ் ஹான்சன் எனும் அறிவியலர் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தபின், புவி வெப்பமடைதல் பொதுமக்களின் பேச்சாயிற்று. அடுத்த ஆண்டே ‘உலகக் காலநிலைக் கூட்டணி’ என்ற அமைப்பு அங்கே தோன்றியது. பெயரைக் கேட்டோர் அது காலநிலையைக் காக்க எழுந்தது என்றே எண்ணியிருப்பர். ஆனால் எண்ணெய், நிலக்கரி, மின்சாரம், மோட்டார் வாகனம் ஆகிய தொழில்களின் பெரு நிறுவனங்களும் சங்கங்களுமே அதன் உறுப்பினர். எரிபொருளைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வராமல் தடுப்பதே அதன் பணி. மனிதர் வெளியேற்றும் வாயுக்களால் காலநிலை பாதிக்கப்படக்கூடும் என்பதன் அறிவியல் அடிப்படை மறுக்க இயலாதது என்று அக்கூட்டணியின் சொந்த அறிவியலரே 1995இல் எழுதித் தந்தனர். அந்த உண்மை கோப்புக்குள் அடங்கிற்று. வெளியில் ஐயமே விதைக்கப்பட்டது.

விதைப்பதற்கான பணம் எங்கிருந்து வந்தது? உறுப்பினரின் சந்தாவிலிருந்து. சந்தா எங்கிருந்து வந்தது? நிறுவனங்களின் வருவாயிலிருந்து. அவ்வருவாயோ, வேலைக்குச் செல்லும் தொழிலாளி பெட்ரோல் நிலையத்தில் எண்ணித் தந்த டாலரிலும், விதவைத் தாய் செலுத்திய மின்கட்டணத்திலும், இளந்தம்பதியர் தவணையில் வாங்கிய வாகனத்தின் விலையிலும் இருந்தது. 1997இல் கியோட்டோ உடன்படிக்கைக்கு எதிராக, இக்கூட்டணியும் அதனோடு ஒத்த தொழிலமைப்புகளும் நின்று நடத்திய விளம்பரப் பரப்புரைக்கு 1 கோடியே 30 லட்சம் டாலர் வகுக்கப்பட்டது. அவ்வாண்டு அமெரிக்க மக்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 33 கோடி காலன் பெட்ரோல் வாங்கினர். காலனுக்கு 4 சென்ட் எடுத்து வைத்தால், ஒரே நாளில் அத்தொகை முழுவதும் சேர்ந்துவிடும்! எவருடைய பணப்பையும் இளைத்திராது. எவரும் உணர்ந்திருக்கவும் மாட்டார். உடன்படிக்கை வந்தால் பெட்ரோல் விலை ஏறும் என்பதே அவ்விளம்பரங்கள் காட்டிய அச்சம். மக்கள் தந்த காசே மக்களை அச்சுறுத்தத் திரும்பி வந்தது.

அவ்வாண்டு ஜூலையில், வளரும் நாடுகளுக்கும் கடமை விதிக்காத உடன்படிக்கையையோ, அமெரிக்கப் பொருளாதாரத்துக்குப் பெருங்கேடு விளைக்கும் உடன்படிக்கையையோ ஏற்கலாகாது என்று செனட் சபை 95 வாக்குகளால், எதிர்ப்பு ஒன்றுமின்றித் தீர்மானித்தது. அதற்குக் காரணங்கள் பல உண்டு. காசு ஒன்றே காரணம் என்று கூறுவது நேர்மையாகாது. எனினும் 1998இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தில் உருவான திட்டமொன்று பத்திரிகைக்குக் கசிந்தது. காலநிலை அறிவியலில் உள்ள ஐயப்பாடுகளைச் சராசரிக் குடிமகன் ஏற்கும் நாளே வெற்றி நாள் என்று அது வகுத்திருந்தது. 2001இல் அதிபர் ஜார்ஜ் புஷ் கியோட்டோவைக் கைவிட்டார். அம்முடிவில் கூட்டணியின் கருத்துக்கும் பங்குண்டு என்பதை அவருடைய வெளியுறவுத் துறையின் குறிப்பே பின்னர் காட்டிற்று. ஷெல், ஃபோர்டு முதலிய நிறுவனங்கள் ஏற்கெனவே விலகியிருந்த அக்கூட்டணி 2002இல் கலைந்தது. கருதிய வேலை பெரிதும் முடிந்திருந்தது.

பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது எட்டாம் கட்டளை. பிறர் சொன்ன பொய்ச்சாட்சிக்குத் தன்னை அறியாமலே கூலி கொடுத்தவனை என்னென்பது? அறியாது செய்த ஒத்துழைப்பைத் திருச்சபையின் ஒழுக்கவியல் பாவமெனக் கொள்வதில்லை. பெட்ரோலின்றி வேலைக்குப் போக வழியில்லாத ஏழையின்மீது பழி சுமத்துவதும் அறமன்று. ஆனால் அறிந்தபின் நிலைமை மாறுகிறது. பொருளை வாங்குவது வெறும் பொருளாதாரச் செயலன்று, அது அறச்செயலும் ஆகும் என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009இல் தம் திருமடலில் கற்பித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் ‘லவுதாத்தோ சி’ மடலில் அதனை மீண்டும் எடுத்துரைத்தார்.

அறிந்தோர் என்ன செய்ய இயலும்? நியூ ஜெர்சி மாநிலத்தின் கால்டுவெல் தொமினிக்கன் சபை அருட்சகோதரி பட்ரீசியா டேலி ஒரு வழி காட்டினார். எக்ஸானின் பங்குதாரர் கூட்டங்களில், ஆண்டுதோறும் தோற்றாலும் சோராமல், காலநிலை குறித்த கேள்விகளை அவர் எழுப்பி வந்தார். 2017இல் காலநிலைக் கொள்கைகளால் நிறுவனத்துக்கு நேரும் விளைவுகளை வெளிப்படையாக அறிவிக்கக் கோரிய தீர்மானம், நிர்வாகத்தின் எதிர்ப்பையும் மீறி 62 விழுக்காட்டு ஆதரவு பெற்றது. நியூயார்க் மாநில ஓய்வூதிய நிதியமும் இங்கிலாந்துத் திருச்சபையும் முன்மொழிந்த தீர்மானம் அது. ஆயினும் அந்நிலத்தை நெடுங்காலம் உழுதவர்களுள் அச்சகோதரியும் ஒருவர். 2022இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

பங்குதாரருக்கு வாக்குண்டு, வாங்குபவருக்கு அதுவும் இல்லை. ரசீதில் விலையும் வரியும் அச்சாகின்றன. அக்காசு எந்த வாயைத் திறக்கும், எந்த வாயை அடைக்கும் என்பது அச்சாவதில்லை. காணிக்கைப் பெட்டியில் விழுந்த இரண்டு செப்புக்காசுகளைக்கூட நின்று கவனித்தவர் நம் ஆண்டவர். நம் கையை விட்டுப் போகும் காசு எங்கே போகிறது என்று நின்று கவனிப்பதும், கேட்பதும், விடை கிடைக்கும்வரை மீண்டும் கேட்பதும் அவரைப் பின்செல்வோரின் கடமையன்றோ?