ஒரு கட்டையில் இரு குரல்

நேயர்களே, இசைக்கருவிகளும் மக்களைப் போலவே ஊர் விட்டு ஊர் செல்கின்றன. சென்ற இடத்தின் தேவைக்கேற்பச் சில பழக்கங்களை விடுகின்றன. சிலவற்றை இறுகப் பற்றிக் கொள்கின்றன. புனே நகரில் வாழும் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த கருவியாகிய ஆர்மோனியத்தின் கதை இதற்கு நல்ல சான்று.

மின்னணுக் கீபோர்டு வாசிக்கும் இளைஞர்கள் இக்காலத்தில் இரண்டு வசதிகளைச் சிறப்பித்துப் பேசுவர். ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு கருவிகளின் ஒலி ஒன்றன்மேல் ஒன்றாக எழும். இதனை லேயர் என்பர். கட்டை வரிசையை நடுவில் பிரித்து, இடக்கைக்கு ஓர் ஒலியும் வலக்கைக்கு வேறோர் ஒலியும் அமைத்துக் கொள்ளலாம். இதனை ஸ்பிளிட் என்பர். 1981-ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமாகிய ரோலண்டு வெளியிட்ட ஜூப்பிட்டர்-8 என்னும் சிந்தசைசரில் இவ்விரண்டும் பொத்தான்களாகவே அமைந்திருந்தன. ஆயினும் இவை மின்சாரம் தந்த புதுமைகள் அல்ல. காற்றும் பித்தளை நாக்கும் முன்பே செய்து காட்டிய வேலைகளே.

1842-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து அலெக்சாந்தர் தெபேன் என்பவர் ஆர்மோனியம் என்ற பெயருடன் ஒரு கருவிக்கு உரிமம் பெற்றார். காலால் மிதித்துத் துருத்தியை இயக்க வேண்டும். இரு கைகளும் கட்டைகளின்மேல் இருக்கும். பிரெஞ்சு ஆர்மோனியங்களில் கட்டை வரிசை நடுவே இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இடப்பகுதிக்குத் தனிக் குமிழ்கள். வலப்பகுதிக்குத் தனிக் குமிழ்கள். வலப்பக்கம் ஓபோ என்னும் குழலின் சாயலில் பாட்டு நடக்க, இடப்பக்கம் அடங்கிய மந்தர ஒலி துணை நிற்கும். ஒரே பக்கத்தில் இரண்டு குமிழ்களை இழுத்தால், ஒரு கட்டைக்கு இரண்டு நாக்குகள் சேர்ந்து ஒலிக்கும். பிரிப்பதும் அடுக்குவதும் அன்றே கைவந்த கலைகளாக இருந்தன.

ஐரோப்பியப் பாதிரிமாரும் அதிகாரிகளும் இக்கருவியை இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். நம் பாடகர்களோ தரையில் அமர்ந்து பாடுபவர்கள். நாற்காலியில் அமர்ந்து மிதிக்கும் கருவி அவர்களுக்குப் பொருந்தவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவைச் சேர்ந்த துவாரகாநாத் கோஷ் காற்பலகைகளை நீக்கி, துருத்தியைப் பெட்டியின் பின்புறம் பொருத்தி, கையால் இயக்கும் ஆர்மோனியத்தைப் பரப்பினார். இடக்கை துருத்திக்குப் போயிற்று. எஞ்சிய வலக்கை ஒன்றால் இரு பகுதிகளை எவ்வாறு வாசிப்பது? ஆகவே பிரிக்கும் முறை கைப்பெட்டியில் பயனற்றதாயிற்று. அடுக்கும் முறை மட்டும் நிலைத்தது. ஒரு கை இழந்ததை அடுக்கு ஈடு செய்தது எனலாம்.

அந்த அடுக்கின் இயல்பைச் சற்றுக் காண்போம். பெட்டிக்குள் நாக்குகள் வரிசை வரிசையாக அமைந்திருக்கும். ஒரு வரிசை நடுக்குரல். மற்றொன்று அதற்கு ஒரு ஸ்தாயி கீழான கனத்த குரல். மராட்டியர் முன்னதை நர் என்றும் பின்னதைக் கர்ஜ் என்றும் கூறுவர். ஒரு நாக்கு நொடிக்கு 240 முறை அதிர்ந்தால், அதன் கீழ்த்துணை 120 முறை அதிரும். இரண்டும் ஒன்றியதும் காதுக்கு ஒரே குரலாய், ஆனால் கனமுள்ள குரலாய்க் கேட்கிறது. ஒன்று 240, மற்றொன்று 242 என நூலளவு விலகினால், நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். இவ்வசைவை விரும்பி வைப்பவரும் உண்டு. சுருதி பிழைத்ததென்று திருத்துபவரும் உண்டு. கப்ளர் என்னும் அமைப்புள்ள பெட்டியில், ஒரு கட்டையை அழுத்தும்போது ஒரு ஸ்தாயி தள்ளியுள்ள கட்டை தானே தாழ்வதைக் கண்ணாலும் காணலாம்.

இக்கனத்த குரல் புனேயின் நாடக மேடைக்கு மிகவும் வேண்டியிருந்தது. 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் அண்ணாசாகேப் கிர்லோஸ்கரின் சாகுந்தல நாடகம் புனேயில் அரங்கேறியது. மராட்டிய இசை நாடகத்தின் பொற்காலம் அதனோடு தொடங்கிற்று. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. பின்வரிசையில் அமர்ந்தவருக்கும் பாட்டு எட்ட வேண்டும். நடிகருக்குச் சுருதியும் தளரக்கூடாது. எனவே மேடையில் ஆர்மோனியம் இடம்பெற்றது. பின்னர்க் காலால் மிதிக்கும் ஆர்கனும் வந்தது. பால கந்தர்வரின் குழுவில் ஆர்கன், சாரங்கி இவற்றோடு அகமத் ஜான் திரக்வாவின் தபலாவும் ஒலித்தது. ஆர்கன் வந்ததும் வாசிப்பவருக்கு இடக்கை மீண்டும் கிடைத்தது. வலக்கை பாட்டைத் தொடர, இடக்கை மந்தர ஸ்தாயியில் தாங்கி நிற்க முடிந்தது. கல்கத்தாவில் இழந்த கையை நாடகமேடை மீட்டுத் தந்தது.

தமிழ் மேடையிலும் இதே நிலைதான். கிட்டப்பாவின் குரலுக்கு அவர் தமையனார் காசி ஐயரின் ஆர்மோனியம் துணை நின்றதைப் பெரியோர் வியந்து பேசுவர். மராட்டியர் பேட்டி என்பதும் நாம் பெட்டி என்பதும் ஒரே கருவியைத்தான். 1911-இல் மானாபமான் நாடகத்திற்கு இசையமைத்த கோவிந்தராவ் டெம்பே சிறந்த ஆர்மோனியக் கலைஞர். அவர் 1932-இல் பிரபாத் நிறுவனத்தின் முதல் பேசும்படத்தில் அரிச்சந்திரனாக நடித்து, அதற்கு இசையும் அமைத்தார். கோலாப்பூரில் தோன்றி 1933-இல் புனேவுக்குப் பெயர்ந்த அந்நிறுவனமே 1934-இல் தமிழில் சீதா கல்யாணத்தை வெளியிட்டது. அதற்கு இசை பாபநாசம் சிவன்.

இத்தனை புகழ் பெற்ற கருவிக்கு வானொலியே வாசலை அடைத்ததையும் இங்கு மறைக்கலாகாது. 1940-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. கட்டைகளுக்கு இடையே உள்ள நுண்சுருதி அதில் பிறவாது, கமகமும் மீண்டும் அதில் எழா என்பது குற்றச்சாட்டு. தாகூரும் அதை வெறுத்தார். குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. கட்டை நிலையானது, குரலோ நெளிவது. ஆனால் அத்தடையால் நிலையக் கதவருகே நின்றவர்கள் பெட்டியையே பிழைப்பாகக் கொண்ட கலைஞர்கள். 1953-இல் புனே வானொலி நிலையம் தொடங்கியபோதும் அவர்களுக்கு இடமில்லை. அவ்வாண்டே அந்நகரில் சவாய் கந்தர்வர் நினைவு விழாவும் தொடங்கியது. வானொலியில் கேட்க முடியாத கருவியை மேடையில் மக்கள் கேட்டனர். 1971-இல் பக்கவாத்தியமாக வாசிக்க வானொலி இடம் தந்தது. பீம்சேன் ஜோஷி முதலியோருக்குப் பக்கம் வாசித்த அப்பா ஜள்காவ்கர், புனேயில் 2009-இல் மறையும் வரை அக்கருவிக்குப் பெருமை சேர்த்தார்.

குறையுள்ள கருவியை எப்படி வாசிப்பது என்று கேட்டவர்களுக்கு அக்கலைஞர்கள் காட்டிய வழி எளியது: பாடகரின் நெளிவை முந்தாமல், அவர் நிற்கும் சுரத்தில் சேர்ந்து நிற்பது, கனமான அடுக்கைப் பாடகர் ஓய்ந்த இடத்தில் மட்டும் திறப்பது. இரண்டு ஒலிகளை ஒரு கட்டையில் ஏற்றும் கீபோர்டு இளைஞருக்கும் இப்பாடம் பொருந்தும். எல்லா ஒலிகளையும் ஒருங்கே திறந்தால் பாட்டே மூழ்கிவிடும்.

புனேயில் மராட்டிய நாடக இசை நிகழ்ச்சிக்குச் செல்லும் நேயர்கள், மேடையில் ஆர்கன் இருந்தால் வாசிப்பவரின் இடக்கையை ஒருமுறை கவனியுங்கள். பாரிஸில் பிரிந்து, கல்கத்தாவில் ஒடுங்கி, புனேயில் மீண்ட அந்தக் கையின் வரலாறு அங்கே ஒலித்துக் கொண்டிருக்கும்.