வேற்றுமையும் வேலியும்

மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட மக்கள் ஒரு நாட்டில் வாழ்வராயின், உள்நாட்டுப் போர் தவிர்க்கவியலாதது என்று கூறுவார் உளர். அக்கூற்று மெய்யாயின், வேற்றுமை இல்லாவிடத்துப் போரும் இல்லாதிருத்தல் வேண்டும். இலங்கை வரலாறு அவ்வாறு கூறவில்லை.

1956ஆம் ஆண்டிலே சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. தன் மொழியே தனக்கு உத்தியோகம் தரும் என்று கிராமத்துச் சிங்கள இளைஞன் நம்பினான். இலவசக் கல்வியினால் தாய்மொழியிற் கற்றோர் தொகை பெருகியது. தொழில்கள் அதற்கேற்பப் பெருகவில்லை. உயர்பதவிகளுக்கு ஆங்கிலமே தொடர்ந்தும் வழிகாட்டியது. 1971 ஏப்ரிலில் அவ்விளைஞர் ஆயுதம் ஏந்தினர். அவர்களை அடக்கிய அரசும் அவர்தம் மொழியையே பேசியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அங்கே பண்பாட்டு வேற்றுமை எங்கிருந்தது?

அதே 1971ஆம் ஆண்டுக்குரிய பல்கலைக்கழக அனுமதியை நோக்குவோம். மருத்துவ பீடம் புகுதற்குச் சிங்கள மாணவர் 400க்கு 229 புள்ளிகளும், தமிழ் மாணவர் 250 புள்ளிகளும் பெறவேண்டுமென விதிக்கப்பட்டது. விடைத்தாள் திருத்திப் பழகிய எமக்கு 21 புள்ளிகளின் பெறுமதி நன்கு தெரியும்.

யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகளில் விஞ்ஞான வசதி மிகுந்திருந்தது என்பதும், தென்னிலங்கைக் கிராமத்துப் பிள்ளைக்கு அது கிட்டவில்லை என்பதும் உண்மையே. ஆனால், மன்னாரின் கிராமத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் அது கிட்டவில்லை. இனத்தால் வகுத்த விதி அப்பிள்ளையிடமும் 250 புள்ளிகளையே கேட்டது. ஆய்கூடம் இல்லாத குறைக்கு ஆய்கூடம் அமைப்பதே பரிகாரம். அரசோ பற்றாக்குறையை இனவாரியாகப் பங்கிட்டது.

தமிழ் இளைஞன் வேறு மொழி பேசியது அன்று புதிதாக நேர்ந்ததன்று. அவ்வேற்றுமையின்மீது சட்டம் வேலி போட்டபோதே அது பகையாக முற்றிற்று. 1983 யூலை வன்செயல்களுக்குப் பின் மூண்டெழுந்த போர் 2009 மே மாதம் வரை நீடித்தது. தெற்கிலும் வடக்கிலும் ஆயுதம் ஏந்தியோர், கற்றும் வழி காணாத ஒரே தலைமுறையினர். ஒருவர் துயரை மற்றவர் அறியாதவாறு அவர்களைப் பிரித்துவைத்ததே இனவாத அரசியலின் வெற்றி.

நாமும் குற்றமற்றவரல்லர். ஒரே மொழியும் ஒரே சமயமும் உடையோரே 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில், ஒடுக்கப்பட்ட மக்களை உள்ளே விடாது மறித்து நின்றனர். எனவே, வேற்றுமைக்கு அஞ்சவேண்டியதில்லை. யார் எந்த வாயிலில் மறிக்கப்படுகின்றனர் என்பதே சமாதானத்தை நாடுவோர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி. அதனை நம் வீட்டு வாயிலிலிருந்தே கேட்கத் தொடங்குவோம்.