கடலிடைத் தீவும் கிடைத்தற்கரிய குருதியும்



நெடுந்தீவினின்று யாழ்ப்பாணப் பெரியாசுபத்திரிக்குச் செல்வோர் முதலிற் கடலைக் கடந்து குறிகட்டுவானை அடைதல் வேண்டும். நயினாதீவார்க்கும் வழி அதுவே. காற்றும் அலையும் நோயாளியின் அவசரத்தை அறியா. ஆதலாற் குருதியின் வரலாறு தீவகத்தார் சிறப்பாக அறியத்தக்கது.

முற்காலத்தில் ஒருவர் குருதியைப் பிறர்க்கு ஏற்றியபோது சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர். காரணம் விளங்கவில்லை. 1901ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் கார்ல் லான்ட்ஸ்டைனர், மக்கட் குருதி வகைப்படும் என்பதை நிறுவினார். 1940இல் றீசஸ் வேறுபாடு வெளிப்பட்டது. றீசஸ் நெகற்றிவ் குருதியுடையோர் ஐரோப்பியரிடையே நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைவர். நம்மிடையே மிகச் சிலரே.

அதனினும் அரியதொன்றை 1952இல் பம்பாய் மருத்துவர் பெண்டேயும் அவர்தம் துணைவரும் அறிவித்தனர். அது சோதனையில் ‘ஓ’ வகைபோலத் தோன்றும். ஆயினும் ‘ஓ’ குருதியையும் ஏற்காது. ‘பம்பாய் வகை’யினர்க்கு அவ்வகையினரே உதவுதல் கூடும்.

குளிரூட்டிக் காப்பினும் செங்குருதிக் கலங்கள் ஏறத்தாழ ஆறு வாரங்களே பயன்படும். எனவே அரிய குருதியை நெல்லைப்போற் குவித்து வைத்தல் எளிதன்று; அதற்குரிய களஞ்சியம் வாழும் மனிதரே. அவர் யாவர், எங்குளர் என்பதை இடர் வருமுன்னரே அறிதல் வேண்டும்.

பதினெட்டு வயது நிரம்பிய, ஐம்பது கிலோ நிறையுள்ள நலமுடையோர் நம் நாட்டில் நான்கு மாதத்திற்கொருமுறை குருதி வழங்கலாம். வழங்குங்கால் தம் வகையையும் அறிவர்.

பாடசாலை இடாப்பிற் பிள்ளையின் பிறந்த நாளைத் தவறாது பதிகின்றோம். அப்பிள்ளையின் குருதி வகையை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?