சிறப்புப் பேருந்து எங்கிருந்து வருகிறது?

கோவில்பட்டிக்காரர்களுக்கு ஹாக்கி என்றால் சோறு தண்ணீர்கூட அப்புறம்தான். 2025 நவம்பர் கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் தொடங்கியபோது, எங்கள் தெருப் பையன்கள் வேன் பிடித்து மதுரைக்குக் கிளம்பினார்கள். "தாத்தா, ரேஸ்கோர்ஸ் பக்கம் வண்டியை எங்கே திருப்பிவிடுவாங்க?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் வேறு என்ன கேட்பார்கள்!

அந்தக் கேள்வி என்னைப் பதினைந்து வருடம் பின்னால் டில்லிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சாலையும் உரல் மாதிரிதான். கொள்கிற அளவுதான் கொள்ளும். பங்குனியில் செண்பகவல்லி அம்மன் தேர் புறப்பட்டால் நம் ஊரில் பஸ்களைச் சுற்றிவிடுகிறோம். உலகப் போட்டி நடத்தும் நகரமும் அதைத்தான் பெரிய அளவில் செய்கிறது. அதற்கு மூன்றே வழிகள். புதுச் சாலை போடலாம், ஜனங்கள் புறப்படும் நேரத்தை மாற்றலாம், அல்லது ஜனங்களையே சாலையை விட்டு விலக்கலாம்.

1964 ஒலிம்பிக்கிற்கு டோக்கியோ முதல் வழியை எடுத்தது. நகரத்துக்குள் மேல்மட்டச் சாலைகள் போட்டார்கள். போட்டி தொடங்குவதற்கு ஒன்பது நாள் முன்பு, அக்டோபர் 1ஆம் தேதி, புல்லட் ரயிலையும் ஓடவிட்டார்கள். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் இரண்டாம் வழியைப் பிடித்தது. அலுவலக நேரத்தை முன்னே பின்னே மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள், லாரிகளை இரவில் ஓட்டச் சொன்னார்கள். நகரமே ஸ்தம்பிக்கும் என்று பயந்த இடத்தில் சாலைகள் வழக்கத்தைவிடக் காலியாக இருந்தன. 1996இல் அட்லாண்டாவில் வெளியூர் டிரைவர்களைக் கொண்டுவந்து பஸ் ஓட்டினார்கள். வழி தெரியாமல் சுற்றினார்கள், வீரர்களே போட்டிக்கு நேரத்துக்குப் போய்ச்சேர முடியாமல் தவித்தார்கள். புது ரூட்டில் பழக்கமில்லாத டிரைவரை ஏற்றிவிட்டால் என்ன ஆகும் என்பது எந்த டைம் கீப்பருக்கும் தெரியும்.

நம் நாட்டில் 1982 ஆசிய விளையாட்டுக்கு டில்லி முதல் வழியில்தான் போனது. ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் எழுந்தது. மூல்சந்த், டிஃபென்ஸ் காலனி என்று தெற்கு டில்லியில் வரிசையாக மேம்பாலங்கள் முளைத்தன. நம் ஊரில் அதையெல்லாம் யார் பார்த்தோம்? டிசம்பர் 1ஆம் தேதி ஹாக்கி இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் ஒன்றுக்கு ஏழு என்று தோற்றோமே, அது ஒன்றுதான் நம் ஊருக்கு வந்து சேர்ந்த செய்தி. அன்று இரவு ரேடியோவை அணைத்துவிட்டுப் பேசாமல் படுத்த வீடுகள் பல.

2010 காமன்வெல்த் போட்டிக்கு மூன்று வழிகளையும் சேர்த்தே கையாண்டார்கள். அக்டோபர் 3 முதல் 14 வரை போட்டி. மகன் அப்போது அங்கே வேலையில் இருந்தான். மதுரையில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறி நிஜாமுதீனில் போய் இறங்கினேன். பிரதான சாலைகளில் ஒரு தடத்தைப் போட்டி வண்டிகளுக்கென்றே கோடு போட்டு ஒதுக்கியிருந்தார்கள். மற்றவர் நுழைந்தால் 2000 ரூபாய் அபராதம். பேரனுக்குப் பள்ளிக்கூடம் லீவு. தொடக்க நாளில் அலுவலகங்களும் கடைகளும் அடைப்பு. 'புளூலைன்' தனியார் பஸ்களையும் சாலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

யமுனைக் கரையில் வீரர்கள் தங்கிய இடத்திலிருந்து ஸ்டேடியத்துக்கு நேராகப் போக, பாராபுல்லா ஓடையின் மேலேயே ஒரு மேம்பாலச் சாலை போட்டிருந்தார்கள். ஜஹாங்கீர் காலத்துப் பழைய பாலத்தின் பெயர் அது. தொழில்காரன் கண்ணோடு பார்த்தேன். ஒரு சிக்னல் கிடையாது, ஒரு குறுக்குச் சாலை கிடையாது. அசந்துபோய் நின்றேன்.

மகன் இருந்த குடியிருப்பில் வீட்டுவேலைக்கு ஒரு தமிழ் அம்மாள் வருவார். கள்ளக்குறிச்சிப் பக்கம். ஒருநாள் தாமதமாக வந்து மருமகளிடம் பேச்சு வாங்கினார். "ஏம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"நான் வர்ற பஸ்ஸ நிறுத்திட்டாங்கய்யா. இருக்குற ஒண்ணு ரெண்டுல ஏற முடியல. நடந்துதான் வர்றேன்."

"வீடு எங்கே?"

"வீடா? அந்த ஓடை ஓரமாத்தான்யா இருந்துச்சு. சித்திரையில இடிச்சிட்டாங்க."

அந்த ஏப்ரலில் ஜங்புராவில் பாராபுல்லா ஓடை ஓரம் இருந்த தமிழ்க் குடியிருப்பு இடிக்கப்பட்டது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள், பெரும்பாலும் தலித் மக்கள். ஸ்டேடியத்துக்கு வருகிற வண்டிகள் நிற்க இடம் வேண்டும் என்பதற்காக இடித்தார்கள் என்று வீட்டுரிமை அமைப்புகள் எழுதி வைத்திருக்கின்றன.

நான் அசந்து நின்று பார்த்த அந்த வேகத்துக்கு யார் வழி விட்டார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

புரிந்ததும் அவமானம் வந்தது. ஏனென்றால் இந்தக் கையே அதைச் செய்திருக்கிறது. திருவிழாவுக்குச் 'சிறப்புப் பேருந்து' என்று பேப்பரில் போடுகிறார்களே, அதில் எல்லாமே புதுப் பஸ்ஸா என்ன? பாதிக்கு மேல், எங்கேயோ ஓடிக்கொண்டிருந்ததை எடுத்து இங்கே விடுவதுதான். 'கூட்டமில்லாத நடை' என்று ரிஜிஸ்தரில் ஒரு கோடு இழுத்தால் பஸ் கிடைத்துவிடும். ஒரு ஆவணித் திருவிழாவின்போது, திருச்செந்தூருக்கு வண்டி போதவில்லை என்று, கரிசல்காட்டு ஊர் ஒன்றின் கடைசி நடையை நானே ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அந்த நடையில் வருவது தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து போகும் பிள்ளைகள். அன்று மழை வேறு. நனைந்த கரிசலில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பத்தடி போவதற்குள் கால் ஒவ்வொன்றும் ஒரு படி கனத்துவிடும். மறுநாள் அதில் ஒரு பெண் என் மேஜை முன்னால் வந்து நின்றாள். "அண்ணாச்சி, நேத்து எங்க பஸ் ஏன் வரல?" என்றாள். "திருவிழாம்மா" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

2025 ஜூன் 1ஆம் தேதி ஜங்புராவின் மதராசி கேம்ப்பை இடித்த செய்தியைப் படித்தேன். ஓடையை அகலப்படுத்த வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு. விளையாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஓடை அதேதான், ஜனங்களும் நம் ஜனங்கள்தான். 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கு மட்டும் நரேலாவில் மாற்று வீடு. அது நகரத்தின் வடகோடி. அங்கிருந்து ஜங்புராவுக்கு வேலைக்கு வரவேண்டுமென்றால் எத்தனை பஸ் மாற வேண்டும் என்று என் புத்தி தானாகவே கணக்குப் போட்டது.

தேரோட்டத்துக்கும் சாலையை மறிக்கிறோம்தான். ஆனால் மறிக்கப்பட்டவனும் வந்து வடம் பிடிக்கலாம். டில்லியில் அந்த அம்மாளிடம், "போட்டி பார்த்தியாம்மா?" என்று கேட்டேன். "ராத்திரி வாணம் விட்டாங்கய்யா, அது தெரிஞ்சுது" என்றார்.

எங்கள் தெருப் பையன்கள் மதுரையிலிருந்து சந்தோஷமாகத் திரும்பி வந்தார்கள். ஆட்டத்தைப் பற்றி இரவு பத்து மணி வரை பேசினார்கள். ரோட்டில் எல்லாம் நன்றாகத் திருப்பிவிட்டார்கள், சிரமமே இல்லை என்றார்கள். நல்லது என்றேன். அன்று மதுரையில் எந்த ஊர் பஸ்ஸாவது நின்றுபோனதா என்று கேட்க வாய் வந்தது, பிள்ளைகளிடம் கேட்டு என்ன செய்ய என்று விட்டுவிட்டேன். இதைப் படிக்கிறவர்களில் நம் டெப்போ ஆட்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது புரியும்.