பலகை நகர்ந்த காலமும் ரம்பம் நகர்ந்த காலமும்

இன்று அரசர்களும் போர்களும் இல்லாத ஒரு வரலாறு. ஒரு ரம்பத்தின் கதை.

என்னிடம் படித்த ஒருவர் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். "ஸ்லைடிங் காம்பவுண்ட் மைட்டர் சா வாங்கணும் சார், எதை வாங்கலாம்?" என்று கேட்டார். எனக்கு மெஷின் வியாபாரம் தெரியாது. ஆனால் எந்தக் கருவியும் ஒரு தேவையில் பிறந்ததுதான். அந்தத் தேவை நமக்கும் இருக்கிறதா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அவருக்காகப் படித்ததை உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு. ஒரு படச்சட்டத்துக்கு நான்கு மூலை. மூலைக்கு இரண்டு வெட்டு, ஆக எட்டு வெட்டு. ஒவ்வொன்றும் சரியாக 45 டிகிரி இருக்க வேண்டும். வெட்டுக்கு அரை டிகிரி ஒரே பக்கமாகப் பிசகினாலும் எட்டு வெட்டுக்கு 4 டிகிரி. மூன்று மூலையை ஒட்டிவிட்டு நான்காவதைச் சேர்க்கும்போது அது வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இப்படி இரண்டு சாய்வெட்டுகள் சேரும் மூலைக்குத்தான் ஆங்கிலத்தில் மைட்டர் என்று பெயர்.

இந்தச் சிக்கலுக்குப் பழைய தீர்வு மூன்று பலகையால் செய்த ஒரு பெட்டி. இரு பக்கப் பலகைகளிலும் 45, 90 டிகிரியில் பள்ளம் இருக்கும். கைரம்பம் அந்தப் பள்ளத்துக்குள் ஓடும். அறுக்க அறுக்கப் பள்ளம் தேய்ந்து அகலமாகும், கோணம் கெடும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் லாங்டன் என்ற பெயரில் இரும்பு மைட்டர் பெட்டிகள் வந்தன. கோணத்தை மாற்றிப் பூட்டிக்கொள்ளலாம். வேலை சுத்தமானது, ஆனால் அறுப்பது கைதான்.

மின்சாரம் வந்த பிறகு ரம்பம் மேசையில் நிலையாகச் சுழன்றது. மனிதன் பலகையைத் தள்ளினான். 15 அடி நீளக் கட்டையைக் குறுக்கே அறுக்க அதைத் தள்ளுவதென்றால் எவ்வளவு சிரமம்! 1922இல் நியூஜெர்சி மாநிலத்தில், ஒரு மர ஆலையில் பொறுப்பாளராக இருந்த ரேமண்ட் டிவால்ட் இதைத் தலைகீழாக மாற்றினார். மேசைக்கு மேலே ஒரு கை. அதில் மோட்டாரோடு தொங்கும் ரம்பம். கட்டை அசையாமல் கிடக்கும், ரம்பம் நகர்ந்து வந்து அறுக்கும். இதுதான் ரேடியல் ஆர்ம் சா. 1925இல் காப்புரிமை கிடைத்தது. இன்று மஞ்சள் நிறக் கருவிகளில் நாம் பார்க்கும் டிவால்ட் என்ற பெயர் அவருடையதுதான்.

அதில் ஓர் ஆபத்தும் இருந்தது. ரம்பத்தை நம்மை நோக்கி இழுத்துத்தான் அறுக்க வேண்டும். சுழலும் பற்கள் மரத்தைக் கவ்வி, கார் சக்கரம் தரையில் ஏறி ஓடுவதுபோல, ரம்பத்தையே நம் பக்கம் பாயவைக்கும். கையை இறுக்கிப் பிடிக்கவில்லை என்றால் தொல்லை. தவிர, மெஷின் மிகக் கனம். வீடு கட்டும் இடத்துக்குத் தூக்கிப்போக வசதிப்படாது.

1964இல் ராக்வெல் நிறுவனத்தில் வேலை பார்த்த எட் நீஹாஸ் எளிய வழி ஒன்றைக் கண்டார். பழைய மைட்டர் பெட்டியின் மீது மோட்டார் ரம்பத்தைக் கீல் வைத்துப் பொருத்தியதுபோல ஒரு வடிவம். கைப்பிடியை அழுத்தினால் ரம்பம் கீழே இறங்கி வெட்டிவிடும். அவர் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. ஆகவே யார் வேண்டுமானாலும் செய்யும் வழி திறந்தே இருந்தது. பிறகு ரம்பத்தின் தலையைப் பக்கவாட்டில் சாய்க்கும் வசதியும் சேர்ந்தது. இரண்டு கோணங்களை ஒரே வெட்டில் எடுப்பதால் அது காம்பவுண்ட்.

ஒரு குறை பாக்கி இருந்தது. 10 அங்குல வட்ட ரம்பம் மேலிருந்து கீழே இறங்கினால் வெட்டும் அகலம் ஏறக்குறைய 6 அங்குலம்தான். நடுவில் அச்சும் மோட்டாரும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. 1980களில் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் ரம்பத் தலையைத் தண்டவாளம் போன்ற குழாய்களில் ஏற்றி முன்னும் பின்னும் நகரவிட்டது. எட்டரை அங்குல ரம்பமே சுமார் 12 அங்குலப் பலகையை அறுத்தது. மகிட்டா முதலிய நிறுவனங்களும் அதே வழியில் வந்தன. டிவால்ட்டின் நகர்வும் நீஹாஸின் கீலும் ஒன்று சேர்ந்த இடம் இதுதான்.

இனி வாங்கும் விஷயம்.

ஸ்லைடிங் அகலத்தை மட்டுமே கூட்டும், உயரத்தைக் கூட்டாது. உயரம் ரம்பத்தின் விட்டத்தைப் பொறுத்தது. 5க்கு 3 நிலைக்கட்டை அறுப்பவர் 3 அங்குல உயரம் ஒரே வெட்டில் போகுமா என்று பார்க்க வேண்டும். 12 அங்குல அலமாரிப் பலகை அறுப்பவருக்கு ஸ்லைடிங் அவசியம். படச்சட்டமும் பீடிங்கும் மட்டும் செய்பவருக்குத் தேவையே இல்லை. நகரும் பாகம் கூடினால் விலையும் கூடும், ஆட்டம் காணும் இடமும் கூடும்.

கடையில் தலையை முழுதும் முன்னே இழுத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். லேசர் கோடு இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் மூலைமட்டத்தை வைத்து 90, 45 இரண்டையும் சோதியுங்கள். பல மாடல்களில் குழாய்கள் பின்னால் நீளும். சுவரோரம் வைக்கும் பட்டறை என்றால் அந்த இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். இழைப்பு வேலைபோல வெட்டு சுத்தமாக வர, 10 அங்குல ரம்பத்தில் 60 பல்லுக்குக் குறையக் கூடாது. பற்கள் முன்னோக்கி அதிகம் சாயாத ரம்பமாக இருந்தால் மரத்தில் பாயாது.

இப்போது இந்த வரலாற்றின் முக்கியப் பாடம். டிவால்ட் ரம்பத்தை இழுத்து அறுத்தார்கள். ஸ்லைடிங் ரம்பத்தைத் தள்ளித்தான் அறுக்க வேண்டும். தலையை மேலே தூக்கியபடி முன்னே இழுங்கள். சுவிட்சைப் போடுங்கள், வேகம் எடுத்ததும் கீழே இறக்குங்கள், பிறகு பின்னோக்கித் தள்ளுங்கள். இழுத்துக்கொண்டே அறுத்தால் பழைய ஆபத்து திரும்ப வரும், ரம்பம் உங்கள் மீது ஏறும். அறுத்து முடித்ததும் ரம்பம் நிற்கும்வரை தலையைத் தூக்காதீர்கள். கை ரம்பத்திலிருந்து அரை அடியாவது தள்ளி இருக்கட்டும். சின்னத் துண்டைக் கையால் பிடிக்காதீர்கள், கிளாம்ப் போடுங்கள். சில பட்டறைகளில் ரம்பத்தின் மூடியைக் கம்பியால் கட்டி வைத்திருப்பார்கள், பார்வைக்கு இடைஞ்சலாம். அந்த மூடி விரலுக்காக வைத்தது. அதைக் கட்டாதீர்கள்.

தச்சு வேலையில் விரல் போனால் பிழைப்பும் போகும். எந்தக் கம்பெனி வாங்கினாலும் சரி, வேலை கற்க வரும் பிள்ளைகளுக்கு ரம்பம் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

தச்சுத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் தங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.